சத்தமே இல்லாத வண்டி

அந்த வண்டியை வாங்குவதற்கு முன் நான் படித்த படிப்பைக் கல்லூரியில் படித்திருந்தால், இன்று ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். மேல்மாடியில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு, புது வண்டியே வாங்கியிருப்பேன்.

என் வேலை காது பரிசோதிப்பது. வெளிச் சத்தம் நுழையாத ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். "எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே இருந்து விதவிதமான ஒலிகளை அனுப்புவேன். யாருக்கு எந்த ஒலி கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தாளில் கோடு வரைந்து கொடுப்பேன். தலை நரைக்கும் வரை இதே வேலை. ஒருவர் வாசலில் நின்று "என்ன?" என்று கேட்கும் தோரணையை வைத்தே அவருக்கு எந்தக் காது மந்தம் என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமையில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார் வாங்குவது என்று முடிவு செய்த நாளிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். சாப்பிடும்போதுகூட போனில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பார். எனக்கு வேண்டியது உயரமான குட்டி எஸ்.யு.வி. பெட்ரோல் வண்டி. ஒரே ஆள் ஓட்டியதாக இருக்க வேண்டும். ஏன் எஸ்.யு.வி என்று கேட்டால் இடுப்பு வலி, மழைத் தண்ணீர், பாதுகாப்பு என்று ஆளுக்கேற்ற காரணம் வைத்திருந்தேன். உண்மைக் காரணம் வேறு. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரனைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை.

என் மனைவியின் அண்ணன் வாடகைக் கார்கள் வைத்துத் தொழில் செய்கிறவர். அவரிடம் ஒரு மரியாதைக்குப் போனில் கேட்டேன்.

"மாப்ள, வீட்டுல இருக்கறது மூணு பேரு. மலையா ஏறப் போறீங்க? சின்ன காரே போதும். இந்த உயர வண்டி டவுனுக்குள்ள பெட்ரோலக் குடிக்கும். டயரு, ஆயிலு எல்லாம் ஒரு படி கூடத்தான் வெலை" என்றார்.

"கணக்கு எல்லாம் போட்டுட்டேன் மச்சான்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

நியாயமான கேள்வி. போனை வைத்துவிட்டு அடுத்த வண்டியின் பானெட்டைப் பார்க்கப் போனேன்.

வண்டி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருடையது. நாங்கள் அவரை மயக்க டாக்டர் என்றுதான் சொல்வோம். அவர் ஊசி இல்லாமலும் மயக்குவார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, விரலை உதட்டில் வைத்தார்.

"கேளுங்க. ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணுமே கேக்கல டாக்டர்."

"அதான் பெட்ரோல். உங்க காதே சர்டிஃபிகேட் குடுத்திருச்சு. இதுக்கு மேல எந்த மெக்கானிக்?"

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். கூட்டிப்போக நினைத்திருந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போகவே இல்லை. ஏழு வயது வண்டி. கழுவித் துடைத்து நின்றபோது ஏழு மாதக் குழந்தை மாதிரி இருந்தது.

முதல் சில மாதங்கள் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். டாஷ்போர்டில் ஒரு சின்னத் திரை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் எண் இறங்கும். எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். அதனால் முட்டையின் மேல் கால் வைக்கிற மாதிரி ஓட்டினேன். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு உருட்டினேன். சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள். ஏ.சி போட்டால் மைலேஜ் குறையும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைப்பேன். ஜன்னல் திறந்தால் காற்று இழுத்து மைலேஜ் குறையும் என்று ஓரிடத்தில் படித்ததும் அதையும் மூடிவிட்டேன். மருந்துக்கடையை நிர்வகிக்கும் என் மனைவி, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலையில் அந்த அடுப்புக்குள் உட்கார்ந்து வருவாள்.

"பஸ்ல போயிருந்தா காத்தாவது வந்திருக்கும்" என்பாள்.

இத்தனை செய்தும் பெட்ரோல் பங்க்கில் கணக்குப் பார்த்தால், திரை காட்டியதைவிடக் குறைவாகத்தான் வரும். ஒரு முழு வருடப் பராமரிப்புக்கு நான் மனதில் ஒதுக்கியிருந்த தொகை, முதல் சர்வீஸில் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக் என்று காலை பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துபோனது. அதற்கு அடுத்து நான்கு டயரும் ஒரேயடியாக வழுக்கை விழுந்தன. டயர்க் கடையில் நின்று புது டயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சானிடமிருந்து போன்.

"வண்டி எப்படி ஓடுது மாப்ள?"

"தங்கம் மச்சான். இதுவரைக்கும் ஒரு பைசா செலவு வைக்கல."

பின்னால் டயர் மாட்டும் மெஷின் 'டம்' என்று வெடித்தது.

"அது என்ன சத்தம்?"

"ஆஸ்பத்திரியில ஏதோ வேலை நடக்குது மச்சான்."

சத்தம் என்று ஒன்று வந்தது அதற்குப் பிறகுதான். வந்தது என்று மனைவி சொன்னாள். ஒருநாள் காலை, சிக்னலில் நிறுத்தும்போது காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, கீச்சுன்னு கேக்குது?"

"எது?"

"பிரேக் போட்டீங்களே, அப்போ."

அடுத்த சிக்னலில் கவனமாகக் கேட்டேன். அமைதியான பெட்ரோல் எஞ்சின். வேறொன்றும் இல்லை.

"ஒரு சத்தமும் இல்ல."

"இப்பக்கூட கேட்டுச்சே!"

"பக்கத்து வண்டியா இருக்கும்."

மறுநாள் மாலை வீடு திரும்பும்போது, கல்லூரியில் படிக்கும் மகளும் பின்சீட்டில் இருந்தாள். வண்டி நின்றதும் பல்லைக் கடித்தாள். "அப்பா, யாரோ தட்டுல கரண்டியால கீறற மாதிரி இருக்கு. கூசுது."

அம்மா சொல்லிக் கொடுத்துத்தான் இவள் பேசுகிறாள் என்று நினைத்தேன். வண்டியின் மேல் குற்றம் கண்டுபிடிக்க வீட்டில் ஒரு கூட்டணி உருவாகிவிட்டதாக எனக்குப் பட்டது. ஆகவே என் தொழிலைக் கையில் எடுத்தேன். சிலருடைய காது கூர்மையாகிவிட்டால் சாதாரண ஒலியும் இரைச்சலாகத் தெரியும், அதற்கு வைத்தியம் இருக்கிறது, விருப்பப்பட்டால் இருவரும் ஒருநாள் என் அறைக்கு வரலாம் என்று வீடு வரை விளக்கினேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. ஒரு விடுமுறை நாளில் மனைவி, "ஒர்க்‌ஷாப்புக்குப் போறோம். நீங்க வரீங்களா, நானே எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். அவள் ஓட்டினால் மைலேஜ் என்ன ஆகும் என்று பயந்து நானே கிளம்பினேன்.

அந்த ஒர்க்‌ஷாப்காரர் கட்டையாக, மொட்டைத் தலையோடு இருப்பார். எதிரே நிற்பவரிடமும் தெரு முனையில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டும் இடம் அது. விஷயத்தைச் சொன்னதும் வண்டியை அவர் எடுத்தார். நான் பக்கத்தில், மனைவி பின்னால். காலி ரோட்டில் வேகமாகப் போய் பிரேக் அடித்தார். மறுபடி போனார், மறுபடி அடித்தார்.

"ஒண்ணும் கேக்கலையே சார்!" என்று கத்தினார்.

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எஞ்சின் சும்மா பட்டு மாதிரி இருக்கு!"

"பட்டு! கரெக்டான வார்த்தை!"

பின்சீட்டிலிருந்து மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்ணாடியில் கண்டேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

"எதுக்கும் ஒரு சக்கரத்தைக் கழட்டிப் பாத்துடலாமா?" என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

சக்கரத்தைக் கழற்றினால் கூலி. சத்தமே இல்லாத வண்டிக்கு எதற்குக் கூலி? "வேணாங்க, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது ஒரு நன்றிக்கடனாக அவரைத் தனியே அழைத்து, "நீங்க ரொம்பச் சத்தமா பேசறீங்க. இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குக் காது போறது சகஜம். ஒருநாள் வாங்க, நானே டெஸ்ட் பண்றேன்" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் வந்துவிட்டார். அடுத்த வாரமே, நகக்கண் கறுப்போடு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினேன். வழக்கமான வசனத்தைச் சொன்னேன். தடித்த ஒலிகளுக்கெல்லாம் டக்டக்கென்று பட்டனை அமுக்கினார். ஒலியை மெலிதாக்கிக்கொண்டே, மேல் ஸ்தாயிக்கு, விசில் மாதிரி, பறவை மாதிரி என்று போகப் போக அவர் கை நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்தேன். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல. இவ்வளவு பெரிய சத்தம், உங்களுக்குக் கேக்கல."

"எதுவும் வரவே இல்லையே சார். மெஷினு ஆஃப்ல இருக்குமோ?"

இதை நான் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். காது போனவர்கள் எல்லோரும் முதலில் மெஷினைத்தான் குறை சொல்வார்கள். சிரித்துக்கொண்டே ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் மாட்டிக்கொண்டேன். வெளியே இருந்த உதவி நிபுணரிடம், "அதே சத்தத்தை அனுப்பும்மா" என்று சைகை காட்டினேன். தினமும் காலையில் ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டு மெஷின்களைச் சரிபார்ப்பது அந்தப் பெண்தான். நான் மூத்தவன் என்பதால் அந்த வேலையை அவளிடம் தள்ளிவிட்டு வருடக்கணக்காகிறது.

அவள் பட்டனைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"அனுப்பும்மா."

"அனுப்பிட்டேன் சார்."

"வரலையே. கூட்டு."

கூட்டினாள். என் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி அமைதி.

"நான் சொல்லல?" என்றார் ஒர்க்‌ஷாப்காரர் வெற்றியோடு. "மெஷின்தான் ரிப்பேரு. கொண்டாங்க, கழட்டிப் பாத்துடலாம்."

அவள் உள்ளே வந்து, என் தலையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்து ஒரு காதில் மட்டும் வைத்தாள். உடனே முகத்தைச் சுளித்துப் பிடுங்கி எறியாத குறையாகக் கீழே வைத்தாள்.

"வருதே சார்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மிக மெதுவாக, "நல்லாவே வருது" என்றாள்.

அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். அந்த அறைக்குள் நின்றால் தன் இதயம் துடிப்பதே கேட்கும் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அன்றைக்கு எனக்கே அது கேட்டது. குறைந்தபட்சம் அதாவது கேட்டதே என்று இருந்தது.

அவரை அனுப்பிவிட்டு நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பட்டனை அவளே என் கையில் வைத்தாள். "எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்குங்க சார்" என்றாள். தாளில் கோடு பாதிவரை சமமாக வந்து, அதன் பிறகு மாடிப்படியில் தடுக்கி விழுந்தவன் மாதிரி இறங்கியது. என் கோடும் ஒர்க்‌ஷாப்காரர் கோடும் அண்ணன் தம்பி போல இருந்தன. அவர் தகரம் தட்டினார். நான் என்ன செய்தேன்? வயசு, பரம்பரை என்று யாருக்கோ சொல்லும் பதிலை எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அன்று மாலை மருந்துக்கடை வாசலில் மனைவியை ஏற்றிக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டியதில் மைலேஜ் திரையைக்கூடப் பார்க்கவில்லை. பாலம் இறங்கும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். 'கரகர கரகர' என்று முன்சக்கரத்திலிருந்து, கல்லில் இரும்பை இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

அது கேட்டது! எனக்கே கேட்டது! தடித்த, கனமான, அருமையான சத்தம்.

"கேக்குது!" என்று கத்தினேன். "எனக்குக் கேக்குது! நீ சொன்னது சரிதான், சத்தம் வருது!"

மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. "ஐயோ, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

ஓரமாக நிறுத்தினோம். ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் செய்தேன். அவர் வண்டியை இழுக்கும் லாரியை அனுப்புவதாகக் கத்தினார். சாலையோரத் தடுப்பில் இருவரும் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னேன். ஹெட்ஃபோன், மெஷின், கோடு எல்லாவற்றையும்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ, நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டா வரமாட்டீங்களே?" என்றாள்.

"கேட்டிருக்காது."

"எங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ராத்திரி உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு உங்ககிட்ட எவ்வளவோ பேசினேன். நீங்க பேசாம படுத்திருந்தீங்க."

"சத்தியமா கேக்கல."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த ஆளுக்கு நான் பேசறது அலுத்துப்போச்சு. சரி, ஒரு தடவை சொல்வோம், பதில் வரலைன்னா விட்டுடுவோம்னு. அப்படியே பழகிட்டேன்."

ஊரெங்குமிருந்து வரும் வயதானவர்களிடம், "உங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்கதான் முதல்ல கண்டுபிடிப்பாங்க" என்று சொல்கிறவன் நான். என் வீட்டுக்காரம்மா கண்டுபிடித்தது வேறு. நான் அவளை விட்டு விலகிப்போகிறேன் என்று.

அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை. "லாரி வருது" என்றாள். அது வருவது அவளுக்குத்தான் முதலில் கேட்டது.

ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றியதும் எல்லாம் வெட்டவெளிச்சமானது. பிரேக் பேட் தேய்ந்துபோனால் எச்சரிப்பதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு இருக்குமாம். அது உரசித்தான் அத்தனை வாரம் கீச்சிட்டிருக்கிறது. அது எங்கள் இரண்டு ஆண்கள் காதிலும் விழாததால் பேட் முழுக்கத் தீர்ந்து, இரும்பும் இரும்பும் தேய்ந்து, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் உழுத வயல் மாதிரி வரி வரியாக இருந்தது. அன்றைக்கே கழற்றியிருந்தால் பேட்டை மட்டும் மாற்றியிருக்கலாம். இப்போது இரண்டு பக்கமும் டிஸ்க்கோடு மாற்ற வேண்டும்.

"வண்டி மேல தப்பு இல்ல சார்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர், கொஞ்சம் வெட்கத்தோடு. "அது கத்திக்கிட்டுதான் இருந்திருக்கு. ரெண்டு செவிட்டுப் பயலுங்க கையில மாட்டிக்கிச்சு."

கூலியை அவர் வாங்கவில்லை. பொருளுக்கு மட்டும் கொடுத்தேன்.

அடுத்தது என் பழுது. காதுக் கருவி விலையைக் கேட்டு முகம் சுருங்குபவர்களிடம், "இதைச் செலவா பாக்காதீங்க" என்று பேசுவதில் நான் கெட்டிக்காரன். இப்போது அதே வசனத்தை உதவி நிபுணர் என்னிடம் சொன்னாள், ஏற்ற இறக்கம் மாறாமல். என் முகமும் சரியாக அதே இடத்தில் சுருங்கியது. ஊழியர் சலுகை போகவும், இரண்டு காதுக்கும் சேர்த்து ஆன தொகையில் அந்த வண்டிக்கு இன்னும் பல வருடம் ராஜ வைத்தியம் பார்க்கலாம். பேட்டரி, சுத்தம் செய்வது, வருடாந்திரச் சோதனை என்று அதற்கும் பராமரிப்புச் செலவு உண்டு.

"வண்டிய வித்துட்டு உங்கள வச்சுக்கறதா, உங்கள வித்துட்டு வண்டிய வச்சுக்கறதா?" என்றாள் மனைவி. அவள் அண்ணனிடம் இதையே போனில் சொல்லி இருவரும் சிரித்தது எனக்கு அடுத்த அறையில் தெளிவாகக் கேட்டது. அது கருவியின் முதல் நாள்.

ஒர்க்‌ஷாப்காரர் கருவி வேண்டாம் என்றுவிட்டார். தன் வேலையில் அதைப் போட்டால் தலை வெடித்துவிடும் என்றார். அதற்குப் பதில் காதை மூடும் உறை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொள்கிறார். ஆனால் இன்னும் கத்துகிறார். இப்போது அவர் கத்துவது எனக்கு முன்பைவிட நன்றாகக் கேட்கிறது.

வண்டியை விற்கவில்லை. ஏ.சி போட்டே ஓட்டுகிறேன். மைலேஜ் திரையில் மகள் ஒரு பூ ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். அதை உரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கருவி போட்டு இரண்டாவது வாரம், மனைவியோடு ஊருக்கு வெளியே ஒரு உறவினர் வீட்டுக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை ஏறியதும் பக்கத்திலிருந்து மெல்லிய ஒரு குரல். முதலில் ரேடியோ என்று நினைத்தேன். ரேடியோ அணைந்திருந்தது. மனைவிதான். ரோட்டைப் பார்த்தபடி, உதடு அசைவதுகூடத் தெரியாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

"லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே போ... தாண்டாத, அப்படியே போ, பொழுது விடியட்டும்... ஆங், இப்ப தாண்டு, எதிர்ல பஸ் வரும்போது தாண்டு... இண்டிகேட்டர் எதுக்கு, அழகுக்கு வச்சிருக்கான்... கடவுளே, இந்த மனுஷனுக்கு லைசென்ஸ் குடுத்தவன் யாரு..."

எத்தனை வருடமாக இந்த வர்ணனை ஓடிக்கொண்டிருக்கிறதோ! நான் பாட்டுக்கு, நம் மனைவி பயணத்தில் எவ்வளவு அமைதியாக வருகிறாள் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். என் தாடை, என் பின்மண்டை, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் விதம் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பேசாமல் இருந்த வருடங்களில்கூட என்னிடம் இவ்வளவு பேசியிருக்கிறாள்.

சுங்கச்சாவடியை நெருங்கினோம். "இருக்கறதுலயே நீளமான வரிசையாப் பாத்து நிப்பாரு பாரு" என்றது அந்தக் குரல்.

"சரி, எந்த வரிசைல நிக்கணும்னு நீயே சொல்லு" என்றேன்.

அவள் துள்ளித் திரும்பினாள். கண்கள் என் முகத்திலிருந்து என் காதுக்குப் போயின. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு மேலே அவள் கண்கள் சிரிக்க ஆரம்பித்திருந்தன.

"இடது பக்கம்" என்றாள்.